குப்பையாவதற்கு முன்பே கடலில் சேரும் பிளாஸ்டிக்: குருணைக் கசிவும் ஆலை ஒழுங்குமுறையும்

2025-ஆம் ஆண்டு மே 25 அன்று கொச்சிக்கு அப்பால் எம்.எஸ்.சி. எல்சா 3 என்னும் சரக்குக் கப்பல் மூழ்கியது. அடுத்த சில நாட்களில் திருவனந்தபுரம், கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரைகளில் வெள்ளை வெளேரென்ற சிறு மணிகள் மூட்டையாகவும் உதிரியாகவும் ஒதுங்கின. அவற்றைப் பற்றிப் பேச்சு வந்தபோதெல்லாம் கடலூர், புதுச்சேரி வட்டாரத்தில் நான் கேட்ட கேள்வி, "கேரிபேக்கை ஒழுங்காகத் தடை செய்திருந்தால் இப்படி ஆகியிருக்குமா?" என்பதுதான். அக்கறையோடு கேட்கப்படும் கேள்வியே ஆயினும், அந்த மணிகளுக்கும் கேரிபேக் தடைக்கும் நேரடித் தொடர்பு எதுவும் இல்லை. அவை யாரும் பயன்படுத்தி வீசியெறிந்த பொருட்கள் அல்ல. பொருளாக உருவெடுப்பதற்கு முன்பே கடலுக்குப் போய்விட்ட மூலப்பொருள்.

ஆலைகளை ஒழுங்குபடுத்த வேண்டும் என்றதும் "அப்படியானால் பிளாஸ்டிக் தொழிலையே மூடிவிடச் சொல்கிறீர்களா?" என்று கேட்பவர்களும் உண்டு. குருணை என்னும் இந்த மணிகள் கசிவதைத் தடுக்கும் சட்டம் எதுவும் ஆலையை மூடச் சொல்வதில்லை. வாசற்படிக்கு உள்ளே இருக்க வேண்டியது உள்ளேயே இருக்கட்டும் என்பது மட்டுமே அதன் சாரம். இந்தக் கட்டுரை இவ்விரண்டையும் அடிப்படையிலிருந்து விளக்க முயல்கிறது.

குருணை என்பது எது?

குடம், நாற்காலி, மருந்துப் புட்டி, மீன் பெட்டி ஆகிய எல்லாமே ஆலைக்குள் நுழையும்போது ஒரே வடிவத்தில்தான் நுழைகின்றன. பெட்ரோகெமிக்கல் ஆலைகளில் உருவாகும் பிளாஸ்டிக்கை உருக்கி, துளைகள் உள்ள தகட்டின் வழியே பிதுக்கி, வெளிவரும்போதே கத்தியால் வெட்டிக் குளிரவைக்கிறார்கள். இப்படிக் கிடைக்கும் 2 முதல் 5 மில்லிமீட்டர் வரையிலான மணிகளைத்தான் இந்தக் கட்டுரையில் 'குருணை' என்று குறிப்பிடுகிறேன். தொழிலில் இருப்பவர்கள் இதையே தானா என்றும் கிரானுல்ஸ் என்றும் சொல்வார்கள்.

5 மில்லிமீட்டருக்குக் குறைவான பிளாஸ்டிக் துகள் எதுவாயினும் அதை நுண்பிளாஸ்டிக் என்பது அறிவியல் வழக்கு. பெரிய பொருள் வெயிலிலும் அலையிலும் நைந்து துகளாவது ஒரு வகை. தொடக்கத்திலேயே துகளாகத் தயாரிக்கப்படுவது இன்னொரு வகை. குருணை இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தது. இவ்வேறுபாடு முக்கியமானது, ஏனெனில் முதல் வகைக்குக் காரணமானவர்கள் கோடிக்கணக்கானோர். இரண்டாம் வகை வெளியேறும் வாசல்களையோ முகவரியோடு எண்ணிவிடலாம்.

ஒரு குருணையின் எடை ஏறத்தாழ 20 முதல் 25 மில்லிகிராம். அப்படியானால் 25 கிலோ மூட்டை ஒன்றில் 10 லட்சம் குருணைகளும், கை நிறைய அள்ளும் 100 கிராமில் 4,000 குருணைகளும் இருக்கும்.

நெல் மூட்டையும் குருணை மூட்டையும்

குருணை எப்படிச் சிந்துகிறது என்பதைப் புரிந்துகொள்ள, நேரடி நெல் கொள்முதல் நிலையம் ஒன்றை நினைத்துப் பார்ப்பது போதும். களத்தில் அளக்கும்போது கொஞ்சம், சாக்கில் பிடிக்கும்போது கொஞ்சம், கொக்கி போட்டுத் தூக்கும்போது சாக்கு கிழிந்து கொஞ்சம், லாரியில் அடுக்கும்போது கொஞ்சம், கிடங்கில் இறக்கும்போது கொஞ்சம் என்று நெல் கைமாறும் ஒவ்வோர் இடத்திலும் சிந்துகிறது. யாரும் அதை வேண்டுமென்று கொட்டுவதில்லை. கைமாற்றம் இருக்கும் இடத்தில் சிந்தலும் இருக்கிறது.

குருணையும் இதே போலத்தான் பயணம் செய்கிறது. தயாரிக்கும் ஆலை, துறைமுகம், கன்டெய்னர், மொத்த வியாபாரியின் கிடங்கு, லாரி, மோல்டிங் பட்டறை, அரவை செய்து மறுசுழற்சிக் குருணை எடுக்கும் கூடம் என்று அது பல கைகள் மாறுகிறது. சிந்திய பிறகுதான் இரண்டும் வேறுபடுகின்றன. கீழே விழுந்த நெல்லை மைனாவும் அணிலும் பொறுக்கும். எஞ்சியது மழையில் முளைக்கும், அல்லது மட்கும். குருணை முளைக்காது, மட்காது, அடுத்த மழை வரும்வரை விழுந்த இடத்திலேயே காத்துக் கிடக்கும்.

ஒரு சிறு மோல்டிங் பட்டறையின் முற்றத்தை உற்றுப் பார்த்தால் இது விளங்கும். மூட்டையைப் பிரித்து, எந்திரத்தின் தலையில் இருக்கும் ஹாப்பர் என்னும் புனல் வடிவத் தொட்டியில் வாளியால் மொண்டு ஊற்றுகிறார்கள். விளிம்பில் பட்டுத் தெறிப்பவை தரையில் உருண்டு, செருப்புக்கு அடியில் வழுக்கி, எந்திரத்தின் கால்களுக்கு இடையே ஒதுங்குகின்றன. சாயங்காலம் பெருக்கும்போது பெரும்பகுதி முறத்துக்கு வருகிறது. மீதி வாசலைத் தாண்டி வடிகாலின் ஓரத்தில் தங்குகிறது. காலிச் சாக்கை வெளியே உதறும்போது அதன் தையல் மடிப்பிலிருந்து இன்னும் ஒரு பிடி விழுகிறது. சரக்கு இறக்கிய லாரியின் தளத்தை ஓட்டுநர் சாலையோரத்திலேயே பெருக்கித் தள்ளுகிறார். இவற்றில் எதுவும் விபத்து என்று பதிவாவதில்லை.

இதுவரை சொன்னதைச் சேர்த்துப் பார்த்தால்: குருணை என்பது குப்பையன்று, மூலப்பொருள், அது கைமாறும் இடந்தோறும் சிறிது சிறிதாகச் சிந்துகிறது, சிந்தியதை இயற்கை விழுங்கித் தீர்ப்பதில்லை.

ஆயிரத்தில் ஒரு பங்கு

கசிவைத் தொழிலே தன் நலனுக்காக நிறுத்திக்கொள்ளாதா, வீணாவது அவர்கள் பணம்தானே என்று தோன்றுவது இயல்பு. கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு கிலோ குருணையின் விலையை 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மூட்டையில் ஆயிரத்தில் ஒரு பங்கு சிந்தினால் 25 கிராம் போகும். முதலாளிக்கு இழப்பு 2 ரூபாய் 50 காசு. ஆற்றில் சேர்வதோ 1,000 குருணைகள். இரண்டரை ரூபாயை மீட்க ஓர் ஆளை நிறுத்தவோ, வடிகாலில் வலை கட்டவோ எந்த முதலாளியும் கணக்குப் பார்த்து முன்வர மாட்டார். கெட்ட எண்ணம் எதுவும் இல்லாமலேயே, நியாயமான வணிகக் கணக்கே கசிவை அனுமதித்துவிடுகிறது. வெளியிலிருந்து ஒரு விதி தேவைப்படுவதற்கு இதைவிடத் தெளிவான காரணம் எனக்குத் தெரியவில்லை.

இது கற்பனைக் கணக்கு மட்டுமன்று. 2019-ஆம் ஆண்டில் ஐரோப்பிய ஒன்றியத்தில் மட்டும் 52,140 முதல் 1,84,290 டன் வரை குருணை சூழலில் கலந்திருக்கும் என்று ஐரோப்பிய ஆணையம் மதிப்பிட்டது. அங்கே கையாளப்படும் மொத்த அளவில் அது 0.08 முதல் 0.28 விழுக்காடு வரைதான். விழுக்காட்டில் பார்த்தால் பொருட்படுத்தத் தோன்றாது. டன்னில் பார்த்தால் மலைக்க வைக்கும்.

தண்ணீரில் இறங்கிய பிறகு

பிளாஸ்டிக் வகைகளில் பாலிஎத்திலீனும் பாலிப்ரொப்பிலீனும் தண்ணீரைவிட இலேசானவை. ஆகவே அவை மிதந்து, வடிகாலிலிருந்து வாய்க்காலுக்கும் வாய்க்காலிலிருந்து உப்பனாறு, கெடிலம், தென்பெண்ணை, அரியாங்குப்பம் ஆறு போன்றவற்றுக்கும் போய்க் கழிமுகத்தைத் தாண்டிவிடும். பிவிசியும், தண்ணீர்ப் புட்டி செய்யப் பயன்படும் பெட் வகையும் தண்ணீரைவிடக் கனமானவை. அவை ஆற்றடிச் சேற்றில் தங்கும். பிவிசி பெரும்பாலும் மாவு போன்ற வெண்பொடியாகவே விற்பனைக்கு வருகிறது என்பதையும் இங்கே சேர்த்து நினைக்க வேண்டும். கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையில் பிவிசி உற்பத்தி நடைபெறுவதால் நம் வட்டாரத்துக்கு இது நூல் அறிவாக மட்டும் இருக்க முடியாது: வெள்ளிக் கடற்கரையில் ஒதுங்கும் மணிகளை மட்டும் எண்ணிவிட்டு "நம் ஆறு சுத்தமாகத்தான் இருக்கிறது" என்ற முடிவுக்கு வந்துவிட முடியாது. மூழ்கும் வகையைத் தேட ஆற்றடிச் சேற்றை எடுத்துச் சலித்துப் பார்க்க வேண்டும்.

மிதக்கும் குருணையைக் கடற்பறவைகளும் மீன்களும் மீன்முட்டை என்று எண்ணி விழுங்குகின்றன. இன்னொரு தீங்கு கண்ணுக்குத் தெரியாதது. டிடிடி பூச்சிக்கொல்லி போன்ற, தண்ணீரில் கரையாமல் எண்ணெய்ப் பசையில் ஒட்டும் தன்மையுள்ள நஞ்சுகள், கடல்நீரில் மிகக் குறைந்த அளவில் இருந்தாலும் குருணையின் மேற்பரப்பில் படிந்து செறிவடைகின்றன. இந்தத் தன்மையையே கருவியாக்கி, தோக்கியோ வேளாண்மை, தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் ஹிதேஷிகே தகாதா 2005 முதல் உலகெங்கும் உள்ள பொதுமக்களிடமிருந்து கடற்கரைக் குருணைகளைத் தபாலில் பெற்று, அந்தந்தக் கரையின் நச்சு அளவைக் கணக்கிட்டு வருகிறார். புதிதாகச் சிந்திய குருணை வெண்மையாகவோ கண்ணாடி போலவோ பளிச்சென்று இருக்கும். நெடுநாள் கடலில் கிடந்தது வெளிர் மஞ்சளாகி, பிறகு பழுப்பேறி, விரல்களுக்கிடையே உருட்டினால் சொரசொரப்பாகத் தெரியும். பொதுவாக, நிறம் ஏறியவற்றில் நஞ்சும் கூடுதலாகச் சேர்ந்திருக்கும்.

குருணை கடலில் கலப்பது நேற்றுத் தெரிந்த செய்தியும் அன்று. வட அட்லாண்டிக்கின் சர்காசோ கடலில் மிதந்த பிளாஸ்டிக் மணிகளைப் பற்றிய ஆய்வு 1972-லேயே வெளியாயிற்று. நுண்பிளாஸ்டிக் என்ற சொல் ஆய்வுலகில் பரவுவதற்கே இன்னும் 32 ஆண்டுகள் ஆயின.

சட்டத்தின் கண்ணில் ஏன் படவில்லை?

நம் நாட்டில் பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகள் 2016-இல் வந்தன. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதலும், நாடு முழுவதும் 2022 ஜூலை 1 முதலும் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருட்கள் பலவற்றுக்குத் தடை நடைமுறைக்கு வந்தது. இவ்வளவு இருந்தும் குருணை இவற்றில் அகப்படாமல் நழுவுவதற்குக் காரணம் வரையறையில் இருக்கிறது. பயன்படுத்திய பிறகோ, பயன்பாடு முடிந்த பிறகோ எறியப்படுவதையே அந்த விதிகள் பிளாஸ்டிக் கழிவு என்கின்றன. குருணையோ பயன்பாட்டுக்கே வராதது.

2024-ஆம் ஆண்டுத் திருத்தம் நுண்பிளாஸ்டிக்குக்கு ஒரு வரையறை தந்தது. அது மட்கும் பிளாஸ்டிக் எதையும் மிச்சம் வைக்காமல் மட்க வேண்டும் என்ற சூழலில் எழுதப்பட்டது. 1 மைக்ரான் முதல் 1,000 மைக்ரான் வரையிலான துகள்களை மட்டுமே அது குறிக்கிறது. 1,000 மைக்ரான் என்பது 1 மில்லிமீட்டர். 3 மில்லிமீட்டர் குருணை அந்த வரையறைக்கு வெளியே நிற்கிறது. கழிவு என்னும் வலையிலும் சிக்காமல், நுண்பிளாஸ்டிக் என்னும் வலையிலும் சிக்காமல் அது போய்விடுகிறது.

எஞ்சியிருப்பது 1974-ஆம் ஆண்டு நீர் மாசுத் தடுப்புச் சட்டம். ஓர் ஆலை இயங்குவதற்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வழங்கும் நிபந்தனைகளுடன் கூடிய அனுமதிக்கு இசைவாணை என்று பெயர். அதன்படி அதிகாரிகள் சோதிப்பது பெரும்பாலும் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் வாயிலில் எடுக்கும் தண்ணீரை. அமில காரத் தன்மை, கரைந்த உப்பு, உயிர்வழி ஆக்சிஜன் தேவை போன்றவற்றை அளப்பார்கள். முற்றத்தில் கிடக்கும் குருணை அந்த வாயிலுக்குப் போவதே இல்லை. மழைநீர் வடிகால் வழியே வெளியேறிவிடுகிறது. ஆகவே அது எந்த மாதிரிக் குப்பியிலும் அகப்படாது.

சுருங்கச் சொன்னால், கழிவுக்கான விதிகள் குருணையைக் கழிவாகக் கருதுவதில்லை; நீருக்கான சோதனைகள் குருணை போகும் வழியில் நடப்பதில்லை.

ஒழுங்குபடுத்துவது என்றால் என்ன செய்வது?

முதலில் நடந்த முயற்சி தன்னார்வ முயற்சி. 1991-இல் அமெரிக்கப் பிளாஸ்டிக் தொழில்துறையே 'ஆபரேஷன் கிளீன் ஸ்வீப்' என்ற திட்டத்தைத் தொடங்கியது. எப்படிப் பெருக்குவது, எங்கே தட்டு வைப்பது என்ற அதன் கையேடு இன்றும் பயனுள்ளதுதான். ஆனால் கையெழுத்திட்ட ஆலை சொன்னபடி செய்கிறதா என்று வெளியாள் ஒருவர் வந்து பார்க்கும் கட்டாயம் அதில் இல்லை. மேலே பார்த்த இரண்டரை ரூபாய்க் கணக்கு இருக்கும் வரையில், நல்லெண்ணத்தை மட்டும் நம்பி நிற்கும் திட்டம் நல்ல ஆலைகளை மேலும் நல்லவையாக்குமே தவிர மற்றவற்றை அசைக்காது என்பது என் கருத்து.

கட்டாயச் சட்டத்துக்குத் தெளிவான எடுத்துக்காட்டு கலிஃபோர்னியா 2007-இல் இயற்றியது. அதன் அழகு அதன் எளிமையில் இருக்கிறது. கிழியாத, மூடிய கலன்களில்தான் குருணையை வைக்க வேண்டும். சரக்கு ஏற்றி இறக்கும் குழாய் வாய்கள் ஒவ்வொன்றின் கீழும் சிந்துவதைப் பிடிக்கும் ஏற்பாடு இருக்க வேண்டும். சிந்தியதை உறிஞ்சி எடுக்கும் எந்திரம் கைவசம் இருக்க வேண்டும். மழைநீர் வெளியேறும் இடத்தில் 1 மில்லிமீட்டர் கண்ணுள்ள வலை பிடிக்கக்கூடிய துகள் அனைத்தையும் தடுத்து நிறுத்தும் அமைப்பு வேண்டும். பிளாஸ்டிக்குக்கு நிறமேற்றும் பொடியும் இந்தச் சட்டத்துக்கு உட்பட்டது. இவற்றில் எதுவும் புதிய கண்டுபிடிப்பைக் கேட்கவில்லை. நம் ஊர்க் கொல்லுப் பட்டறையிலேயே செய்து பொருத்தக்கூடியவைதான் பெரும்பாலும்.

ஐரோப்பிய ஒன்றியம் 2025-இல் இன்னும் விரிவான சட்டத்தை நிறைவேற்றியது. ஆண்டுக்கு 5 டன்னுக்கு மேல் குருணை கையாளும் எவரும் இடர்த் திட்டம் வகுக்க வேண்டும். அதாவது எந்த இடத்தில், எந்த வேலையின்போது சிந்த வாய்ப்புண்டு என்று முன்கூட்டியே எழுதி, ஒவ்வொன்றுக்கும் தடுப்பு வைக்க வேண்டும். சிந்தாமல் தடுப்பது முதற்கடமை. சிந்தினால் பரவாமல் நிறுத்துவது அடுத்தது. அதற்கும் பிறகுதான் கூட்டி அள்ளுவது. ஆண்டுக்கு 1,500 டன்னுக்கு மேல் கையாளும் பெரிய ஆலைகள் வெளியாரின் தணிக்கைச் சான்றும் பெற வேண்டும். லாரிக்காரர்களும் கப்பல் நிறுவனங்களும் இந்தச் சட்டத்தில் உண்டு. கைமாறும் சங்கிலியில் ஒரு கண்ணியைக் கூட விடாமல் பிடிப்பதுதான் இதன் நோக்கம்.

சட்டம் இருந்தாலும் கண்காணிக்க ஆள் வேண்டும் என்பதற்கு டெக்சாஸ் மாநிலத்தின் லவாக்கா விரிகுடா சான்று. அங்கே இறால் பிடிக்கும் மீனவக் குடும்பத்தைச் சேர்ந்த டயான் வில்சன், ஊர்க்காரர்களுடன் சேர்ந்து படகிலும் கால்நடையாகவும் சென்று, ஃபார்மோசா பிளாஸ்டிக்ஸ் ஆலையிலிருந்து வெளியேறிய குருணைகளையும் பொடியையும் ஆண்டுக்கணக்கில் குப்பிகளில் சேகரித்துத் தேதி குறித்து வைத்தார். அந்தக் குப்பிகளே நீதிமன்றத்தில் சாட்சியமாயின. 2019-இல் ஆலை 5 கோடி டாலர் தருவதாகவும், இனி ஒரு குருணையையும் வெளியே விடுவதில்லை என்றும் ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. கடலூர் மக்களுக்கு இந்த முறை அந்நியமானது அன்று. சிப்காட்டைச் சுற்றியுள்ள ஈச்சங்காடு, குடிகாடு போன்ற ஊர்க்காரர்கள் 2000-களின் நடுப்பகுதியிலேயே வாளியைக் கொண்டு செய்த எளிய கருவியால் காற்று மாதிரியைப் பிடித்துச் சோதனைக்கு அனுப்பியவர்கள்.

கப்பலில் போகும் குருணை

கப்பல் விபத்துகள் செய்தியாவதால் எல்லாக் குருணையும் கப்பலிலிருந்தே வருகிறது என்ற எண்ணம் பரவியுள்ளது. அன்றாடக் கசிவு அப்படி வருவதில்லை. ஆயினும் விபத்தின் அளவு பெரிது: 2021-இல் கொழும்புக்கு அப்பால் தீப்பிடித்து மூழ்கிய எக்ஸ்-பிரஸ் பேர்ல் கப்பலில் ஏறத்தாழ 1,680 டன் குருணை இருந்தது. உலகக் கடல்சார் அமைப்பு 2024-இல் வெளியிட்ட பரிந்துரைகள், நல்ல உறையிலிட வேண்டும், சரக்குப் பட்டியலில் குருணை என்று தெளிவாகக் குறிக்க வேண்டும், கன்டெய்னரை மேல்தளத்தின் ஓரத்தில் வைக்காமல் தளத்துக்குக் கீழேயோ பாதுகாப்பான உட்பகுதியிலோ அடுக்க வேண்டும் என்கின்றன. அவை பரிந்துரைகள்தான், மீறினால் தண்டனை இல்லை.

கடலூரிலும் புதுச்சேரியிலும் செய்யக்கூடியது

புதிய சட்டத்துக்காகக் காத்திராமலேயே தொடங்க இடமிருக்கிறது. இசைவாணையில் நிபந்தனை சேர்க்கும் அதிகாரம் வாரியத்துக்கு ஏற்கெனவே உண்டு. குருணையோ பிவிசி போன்ற பிளாஸ்டிக் பொடியோ கையாளும் ஆலையின் இசைவாணையைப் புதுப்பிக்கும்போது மூடிய சேமிப்பு, ஏற்றி இறக்கும் இடத்தில் தட்டு, மழைநீர் வடிகாலில் வலை, ஆண்டுக்கு எவ்வளவு வாங்கி எவ்வளவு பொருளாக்கினார்கள் என்ற வரவு செலவுக் கணக்கு ஆகிய நான்கையும் நிபந்தனையாக எழுதலாம்.

வலையின் அளவை மட்டும் கலிஃபோர்னியாவிலிருந்து அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. அங்கே ஆண்டுக்கு ஒருமுறை எதிர்பார்க்கக்கூடிய, ஒரு மணி நேர மழையின் வேகத்தைத் தாங்கினால் போதும் என்பது விதி. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது புதுச்சேரியில் 24 மணி நேரத்தில் 40 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. அத்தகைய வெள்ளத்தில் வடிகால் வலை அடைத்துக்கொள்ளும், அல்லது தண்ணீர் வலைக்கு மேலேயே ஓடும். ஆகவே இங்கே முதன்மையான தடுப்பு வடிகாலில் இருப்பதைவிட முற்றத்திலேயே இருக்க வேண்டும்: கூரைக்குக் கீழே சேமிப்பு, வெள்ளம் எட்டாத உயரத்தில் மேடை, வாசலில் கரை. மூட்டைகளைத் திறந்தவெளியில் தார்ப்பாய் போட்டு அடுக்குவதை ஒரேயடியாகத் தடை செய்ய வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

நிர்வாக எல்லை இன்னொரு சிக்கல். ஆலை கடலூரில் இருந்தால் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும், மேட்டுப்பாளையத்திலோ சேதராப்பட்டிலோ இருந்தால் புதுச்சேரி மாசுக் கட்டுப்பாட்டுக் குழுமத்துக்கும் பொறுப்பு. தண்ணீருக்கோ அந்த எல்லை தெரியாது: சங்கராபரணி விழுப்புரம் மாவட்டத்திலிருந்து புதுச்சேரிக்குள் வருகிறது, தென்பெண்ணை பாகூர்ப் பகுதியைத் தொட்டுக்கொண்டு கடலூர்த் தாழங்குடா அருகே கடலில் சேர்கிறது. வடகிழக்குப் பருவத்தில் கரையோர நீரோட்டம் தெற்கு நோக்கி ஓடுவதால், புதுச்சேரியில் இறங்கியது கடலூர் மீனவரின் வலைக்கு வரக்கூடும். இரண்டு அலுவலகங்களும் ஒரே நிபந்தனைகளை எழுதி, அக்டோபர் மழை தொடங்குமுன் செப்டம்பரில் ஒரே வாரத்தில் ஆய்வு நடத்தினால்தான் ஒரு பக்கத்துக் கண்டிப்பு மறுபக்கத் தளர்வால் வீணாகாமல் இருக்கும். எந்த ஆலைக்கு என்ன நிபந்தனை விதிக்கப்பட்டிருக்கிறது என்பதைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எவரும் எழுதிக் கேட்கலாம். கேட்கும்போது "மழைநீர் வடிகால் வெளியேறும் இடங்கள் எத்தனை, அவற்றில் தடுப்பு வலை உண்டா, கடைசியாக எப்போது அது சுத்தம் செய்யப்பட்டது" என்று தனித்தனியாகக் கேட்பது பயன் தரும்.